துறைத் தலைவர் நாற்காலியில் யார்?

தங்கையே, மும்பையில் கேட்பியல் (ஆடியாலஜி, கேட்கும் திறனைச் சோதித்துச் சிகிச்சை தரும் துறை) முதுநிலைப் படிப்பில் சேரப் போவதாகத் திருநெல்வேலியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். துறைத் தலைவராக இருப்பவர் காது மூக்கு தொண்டை மருத்துவரா, நம் படிப்பைப் படித்தவரா என்று கேட்கிறீர்கள். வகுப்பு முழுக்கப் பெண்கள். தலைமைக்கும் பெண்கள் வருகிறார்களா என்பது அடுத்த கேள்வி. செம்பூரில் 19 வருடமாகக் குடியிருப்பவள், இதே படிப்பைப் படித்துப் பாடமும் நடத்தியவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லலாம்: வருகிறார்கள். மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு கேட்பு நிறுவனத்தில் விஜயலட்சுமி பசவராஜ், எஸ்.ஆர். சாவித்திரி, எம். புஷ்பாவதி என மூன்று பெண்கள் இயக்குநராக இருந்து பார்த்துவிட்டோம்.

மருத்துவர் விஷயம்தான் இடத்துக்கு இடம் மாறும். பாந்திரா ரெக்ளமேஷனில் 1983இல் தொடங்கிய, பேச்சு, கேட்புக் குறைபாடுகளுக்கான அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது, தனி நிறுவனம். மும்பை சென்ட்ரலில் நாயர் மருத்துவமனையோடு சேர்ந்த துறையோ மாநகராட்சியின் மருத்துவக் கல்லூரிக்குள் இருக்கிறது. அங்கே எல்லாவற்றுக்கும் மேலே டீன், அதாவது கல்லூரியின் தலைவர். இப்படி மருத்துவக் கல்லூரிக்குள் இருக்கும் துறைகளில் வகுப்பை நடத்துபவர் நம்மவராகவே இருந்தாலும், கேட்கும் திறனை அளக்கும் கருவியான ஆடியோமீட்டர் புதிதாக வேண்டும் என்று அனுப்பும் கோப்பு மாடி ஏறி மருத்துவர் மேசைக்குப் போய்த்தான் திரும்பும். அது எப்போது திரும்பும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தலைவர் பெயர்ப்பலகையில் பெயருக்குக் கீழே 'பொறுப்பு' (நிரந்தரத் தலைவர் வரும்வரை தற்காலிகமாகப் பார்ப்பவர்) என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் அந்தச் சொல் இரண்டு வருடம் பலகையை விட்டு இறங்கவே இல்லை. பொறுப்பில் இருந்த அம்மையார் நல்லவர், திறமைசாலி. ஆனால் நிரந்தரமாக ஒருவர் வந்து ஏன் செய்தாய் என்று கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட மாட்டார். கருவிகளை அளவு சரிபார்க்கும் தேதி கடந்து போனது. ஆய்வேட்டுத் தலைப்புகள் மேசையிலேயே கிடந்தன. மாணவிகள்தான் அலைந்தார்கள்.

தலைவர் துணிந்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறேன். தாராவியிலிருந்து மூன்று வயதுப் பையனை அவன் பாட்டி தூக்கிக்கொண்டு வந்தார். பேச்சு வரவில்லை, சொன்னது புரியவில்லை என்று குறிப்பில் எழுதியாகிவிட்டது. கேள்விகள் எல்லாம் இந்தியில் கேட்கப்பட்டவை. பக்கத்து மேசையில் இருந்த நான் மனம் கேட்காமல், "செருப்பு எங்கே?" என்று தமிழில் கேட்டேன். குனிந்து தன் செருப்பைத் தொட்டுக் காட்டினான். "பாட்டி செருப்பு?" என்றதும் அதையும் காட்டினான். பாட்டிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பேச்சில் தாமதம் இருந்தது உண்மை. ஆனால் புரிதல் நன்றாகவே இருந்தது. இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

எங்கள் தலைவர் கன்னடக்காரர், நம் துறையிலேயே முனைவர் பட்டம் வாங்கியவர். செய்தி காதுக்குப் போனதும் கூட்டம் போடவில்லை, குழு அமைக்கவில்லை. நோயாளி விவரப் படிவத்தை எடுத்து, பெயருக்கும் வயதுக்கும் அடுத்து 'வீட்டில் பேசும் மொழி' என்று தன் கையாலேயே எழுதி, நகல் எடுக்க அனுப்பிவிட்டார்.

சேரும் முன் அலுவலக எழுத்தரிடம் இரண்டு விஷயம் விசாரியுங்கள்: தலைவர் நிரந்தரமா, உங்களுக்கு வழிகாட்டியாக வரக்கூடியவர்களில் எத்தனை பேர் இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருப்பார்கள். மராத்தியை இப்போதே தொடங்கிவிடுங்கள். எண்களும் உடல் உறுப்புகளும் முதலில்.

அந்தப் படிவம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அச்செழுத்துகளுக்கு நடுவே அந்த ஒரு வரி மட்டும் கையெழுத்தில், சற்றுச் சாய்ந்து.