வென்டிலேட்டரை எடுத்தது கொலையா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அப்பாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு. மூன்று வாரம் வென்டிலேட்டரில் வைத்திருந்தோம். இனி நினைவு திரும்பாது, கிட்னியும் போய்க்கொண்டிருக்கிறது என்றார்கள் டாக்டர்கள். எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்குச்சாமி வந்து எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதல் கொடுத்தார். மறுநாள் கையெழுத்துப் போட்டோம். மார்ஃபின் கொடுத்துவிட்டுக் குழாயை எடுத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் அப்பா போய்விட்டார். "நீங்கதான் கொன்னுட்டீங்க" என்கிறார் அத்தை. "முதல் நாளே ஊசி போட்டு அனுப்பியிருக்கலாம், எல்லாம் ஒண்ணுதானே" என்கிறான் தம்பி. செலவைப் பற்றியும் நாங்கள் யோசித்தோம், அதை மறைக்கவில்லை. 2018-ல் உச்ச நீதிமன்றமே இதை அனுமதித்துவிட்டது என்கிறார்களே, அது போதாதா? எட்டு மாதமாக நான் பூசையில் நன்மை (நற்கருணை) வாங்கவில்லை. இது சாவான பாவமா, கடவுளிடமிருந்தே பிரித்துவிடும் பெரிய பாவமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

எட்டு மாதமா? அப்பாவுக்கு எண்ணெய் பூசிய அதே பங்குச்சாமியிடம் ஒரு நாள் மாலை போய்க் கேட்டிருக்கலாமே. அத்தை அழுகையில் சொன்ன ஒரு வார்த்தைக்காக நற்கருணையை விட்டுத் தள்ளி நிற்கிறீர்கள். உங்கள் துக்கம் புரிகிறது. ஆனாலும் கோபம் வருகிறது.

சில விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். நீதிமன்றத் தீர்ப்பு சட்டத்துக்குப் போதும், உங்கள் கேள்வி சட்டத்தைப் பற்றியது இல்லை. மார்ஃபின்? வேறு வழியில்லாதபோது வலியைத் தணிக்கக் கொடுக்கும் மருந்து, யாரும் நாடாமலே ஆயுளைச் சற்றுக் குறைத்தாலும் குற்றமில்லை என்று 1957 பிப்ரவரியிலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் சொல்லிவிட்டார். செலவு? கருணைக்கொலை பற்றிய 1980-ஆம் ஆண்டு வத்திக்கான் அறிவிப்பு, குடும்பத்தின் மேல் அளவுக்கு மீறிய செலவைச் சுமத்த விரும்பாததையும் நியாயமான காரணமாகவே கருதுகிறது. அதற்கும் நானூறு வருடம் முன்பு, ஸ்பெயினின் சலமான்காவில் இறையியல் கற்பித்த விட்டோரியா, கோழியும் கவுதாரியும் சாப்பிட்டால் இன்னும் இருபது வருடம் வாழலாம் என்று உறுதியாகத் தெரிந்தாலும் நோயாளி முட்டையும் சாதாரணச் சாப்பாடுமே சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று எழுதினார். உயிரைப் பேண வேண்டும். அதற்காக எந்த விலையும் கொடுத்தாக வேண்டும் என்று திருச்சபை ஒருபோதும் கேட்டதில்லை.

என்னைப் பிடித்துக்கொண்டது உங்கள் அத்தையும் தம்பியும்தான். இருவரும் எதிரெதிராகப் பேசுவதாக நினைக்கிறீர்கள். இல்லை. சிகிச்சையை நிறுத்துவதும் ஆளைக் கொல்வதும் ஒன்றே என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. அதனால் அத்தைக்கு எல்லாம் குற்றம், தம்பிக்கு எல்லாம் சரி. இறையியலில் நிறுத்துவதையும் கொல்வதையும் பிரித்துப் பார்ப்பதை மயிர்பிளக்கும் வாதம் என்று கேலி செய்கிறவர்கள் ஐசியூ வாசலில் ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்க்கட்டும்.

அமெரிக்காவில் நியூஜெர்சியைச் சேர்ந்த கேரன் ஆன் குவின்லனின் கதையை உங்கள் தம்பி படிக்க வேண்டும். 1975-ல், 21 வயதில் நினைவிழந்து வென்டிலேட்டருக்குப் போன பெண். பெற்றோர் பக்தியுள்ள கத்தோலிக்கர்கள். முதலில் பங்குத்தந்தையிடம்தான் கேட்டார்கள். அந்த இயந்திரம் இனி அவளைக் குணப்படுத்தாது, அதை எடுக்கச் சொல்வது பாவமாகாது என்றார் அவர். 1957 நவம்பரில் மருத்துவர்களிடம் இதே பயஸ் பேசியது அதற்கு ஆதாரம். மருத்துவர்கள் மறுத்ததால் தந்தை ஜோசப் நீதிமன்றம் போனார். மறைமாவட்ட ஆயரும் (பிஷப்) அவர் பக்கம் நின்றார். 1976 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

வென்டிலேட்டரை எடுத்தார்கள். கேரன் சாகவில்லை. தானாகவே மூச்சு விட்டாள். 1985 வரை, ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடமும் ஜோசப் தினமும் மகளைப் போய்ப் பார்த்தார். உணவு செலுத்தும் குழாயை எடுக்கச் சொல்லவே இல்லை. மகள் சாக வேண்டும் என்பது அவர் நோக்கமாக இருந்திருந்தால், அவள் மூச்சுவிட்ட அன்று அவருக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். இயந்திரத்தின் பாரத்தை மட்டுமே இறக்கிவைத்தார், மகளை விடவில்லை. உணவும் நீரும் சிகிச்சைக் கணக்கில் வராது, அவை அடிப்படைப் பராமரிப்பு என்று 2004-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பேசியதை அந்தத் தகப்பன் அதற்கு எத்தனையோ வருடம் முன்பே செய்துகாட்டிவிட்டார்.

என் பெரியம்மாவுக்குப் புற்றுநோய் திரும்பி வந்தபோது, இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தற்கொலை மாதிரி என்று தெருவில் பேசினார்கள். பங்குச்சாமி வந்து பாயருகே உட்கார்ந்து, "சாகணும்னு நெனைக்கிறியாம்மா?" என்று கேட்டார். "இல்ல சாமி, ஆஸ்பத்திரி வேணாம்னுதான் நெனைக்கிறேன்" என்றார் பெரியம்மா. சாமி தலையாட்டிவிட்டு எண்ணெய்ச் சிமிழைத் திறந்தார். அதன் பிறகு பெரியம்மா கஞ்சி குடித்தார், ஜெபமாலை சொன்னார், மருமகளோடு சண்டையும் போட்டார். சாவை விரும்புகிறவர் செய்கிற காரியமா இது?

அந்தக் கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். குழாயை எடுத்த பிறகு அப்பா தானாகவே மூச்சு விட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வீட்டுக்குக் கூட்டிவந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள் இல்லையா? அப்படியென்றால் நீங்கள் அவரைக் கொல்லவில்லை. பயன் தராத, பாரமான சிகிச்சையை நிறுத்தலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலின் 2278-ஆம் எண் தெளிவாகச் சொல்கிறது. சாவை வருவிக்க நினைக்கவில்லை, தடுக்க முடியாததை ஏற்றுக்கொள்கிறோம் என்பதே அதன் காரணம்.

சாவான பாவத்துக்குக் கனமான குற்றம் வேண்டும், முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும். உங்கள் விஷயத்தில் முதலாவதே இல்லை. மனது இன்னும் உறுத்தினால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். கொலை செய்தேன் என்று சொல்லாதீர்கள். வரும் ஞாயிறு நன்மை வாங்குங்கள்.

அத்தையோடு வாதாட வேண்டாம். அண்ணனை இழந்தவர், கொஞ்ச நாள் போகட்டும். தம்பியை மட்டும் விடாதீர்கள். உங்கள் அம்மா இருக்கிறாரா, யாரோடு இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அவரை நாளைக்கு ஐசியூவில் சேர்க்க நேர்ந்தால் கையெழுத்துப் போடப்போகிறவர்களில் தம்பியும் ஒருவர். இப்போதே உட்கார்ந்து பேசுங்கள், அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.