391 பகா எண்ணா? எதுவரை வகுத்துப் பார்ப்பது?

கேள்வி: குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். 391, 397, 667 மாதிரி எண்களைக் கொடுத்துப் பகா எண் எது என்று கேட்டால், எதுவரை வகுத்துப் பார்ப்பது என்றே தெரியவில்லை. 6-இன் மடங்கோடு 1 கூட்டியோ கழித்தோ வந்தால் பகா எண் என்று ஒரு குறுக்குவழி சொல்கிறார்கள். அதை நம்பலாமா? 360-க்கு எத்தனை காரணிகள், 200-க்கும் 500-க்கும் இடையே 7-இன் மடங்குகள் எத்தனை போன்ற கணக்குகளிலும் நேரம் போய்விடுகிறது.

பதில்: அந்தக் குறுக்குவழியை நம்பாதீர்கள். 2, 3 தவிர மற்ற பகா எண்கள் எல்லாம் 6-இன் மடங்குக்கு ஒன்று முன்போ பின்போதான் வரும். அதுவரை சரி. ஆனால் அப்படி வருவதெல்லாம் பகா எண் ஆகிவிடாது. 25, 35, 49, 55 எல்லாம் அந்த இடத்தில்தான் இருக்கின்றன. உங்கள் 391-ம் 390-க்கு அடுத்த எண்தான். 2-ஆலும் 3-ஆலும் வகுபடாது என்பதற்கு மேல் அந்த விதி எதையும் சொல்வதில்லை.

எதுவரை வகுப்பது? வர்க்கமூலம் வரை போதும். காரணிகள் ஜோடி ஜோடியாக வரும். ஜோடியில் இரண்டுமே வர்க்கமூலத்தைவிடப் பெரியவை என்றால் பெருக்குத்தொகை அந்த எண்ணையே தாண்டிவிடும். ஆகவே சிறியது வர்க்கமூலத்துக்குள் சிக்கியே தீரும். 20-இன் வர்க்கம் 400. எனவே 391, 397 இரண்டுக்கும் 19 வரையுள்ள பகா எண்களே போதும். 2, 3, 5 பார்த்தவுடன் தெரிந்துவிடும். மிச்சம் 7, 11, 13, 17, 19.

397-ஐ இவற்றால் வகுத்தால் மீதி முறையே 5, 1, 7, 6, 17. எதுவும் பூஜ்ஜியம் இல்லை, ஆகவே பகா எண். 391-இல் 7, 11, 13 மூன்றும் மீதி விடுகின்றன. 17-க்கு வரும்போது 340-ஐக் கழியுங்கள், 51 நிற்கும்; அது 17-இன் மூன்று மடங்கு. ஆக 391 = 17 × 23. 13, 17, 19-க்கென்று தனித்தனி வகுபடும் விதிகளை மனப்பாடம் செய்யச் சொல்ல மாட்டேன். தெரிந்த மடங்கு ஒன்றைக் கழித்துப் பார்ப்பதுதான் வேகம். மூன்று இலக்க எண் எதுவானாலும் 31-ஐத் தாண்ட வேண்டியதில்லை.

வகுக்கத் தொடங்கும் முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஏமாற்றும் எண்களில் பல, பக்கத்துப் பக்கத்துப் பகா எண்களைப் பெருக்கி வந்தவை. அவை a² − b² வாய்பாட்டில் மாட்டிக்கொள்ளும். 667-க்கு அடுத்த வர்க்கம் 676, அதாவது 26². வித்தியாசம் 9, அதுவும் ஒரு வர்க்கம். எனவே 667 = (26 − 3)(26 + 3) = 23 × 29. 323, 437, 899 மூன்றையும் இப்படியே நீங்களே உடைத்துப் பாருங்கள். 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா கையாண்ட முறை இது. காரணிகள் தள்ளித் தள்ளி இருந்தால் பயன்படாது: 511 = 7 × 73 என்பதை இந்த வழியில் பிடிக்க 23²-இல் தொடங்கி 40² வரை போக வேண்டும். அடுத்த ஓரிரு வர்க்கங்களில் கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு வகுக்கத் தொடங்குங்கள்.

காரணிகளை எண்ண ஒவ்வொன்றாக எழுதத் தேவையில்லை. 360 = 2³ × 3² × 5. ஒரு காரணியில் 2-இன் அடுக்கு 0, 1, 2, 3 என நான்கு விதமாக இருக்கலாம். 3-இன் அடுக்கு மூன்று விதம், 5-இன் அடுக்கு இரண்டு விதம். 4 × 3 × 2 = 24. 360-ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் மிஞ்சும் எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915-இல் தன் புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்.

மடங்குக் கணக்கு எளிது. 500-ஐ 7-ஆல் வகுத்தால் ஈவு 71, 200-ஐ வகுத்தால் 28. கழித்தால் 43. கீழ் எல்லையே மடங்காக இருந்து, அதையும் சேர்க்கச் சொன்னால் மட்டும் கவனம் தேவை. 210 முதல் 500 வரை என்றால் 209-ஐ வகுங்கள். ஈவு 29, விடை 42.