டோசர் இழுக்கவில்லையா? கழற்றும் முன் கேஜை மாட்டுங்கள்

பழைய செயின் டோசர்களின் கியர்பாக்ஸ், ஸ்டியரிங் கிளட்ச் (ஒவ்வொரு பக்கச் செயினுக்கும் போகும் சக்தியைத் துண்டித்து வண்டியைத் திருப்புவது), ஃபைனல் டிரைவ் (செயினைச் சுற்றும் கடைசிக் கியர் பெட்டி) பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: எங்களுடையது டார்க் கன்வெர்ட்டரும் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கடத்துவது) பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸும் (ஆயில் பிரஷரில் கிளட்ச் பிடித்துக் கியர் மாறுவது) உள்ள பழைய டோசர். காலையில் நன்றாக மண் தள்ளுகிறது. இரண்டு மணி நேரம் ஓடியதும் இழுவை போய்விடுகிறது. பிளேடு நிறைய மண் வந்தால் செயின் நிற்கிறது, இன்ஜின் மட்டும் ஓடுகிறது. கியர்பாக்ஸை இறக்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பாரம் அதிகமானால் செயின் நின்று இன்ஜின் ஓடுவது கன்வெர்ட்டர் வண்டிக்கு இயல்பு. கவனிக்க வேண்டியது அந்த நேரத்தில் இன்ஜின் சத்தம் என்ன ஆகிறது என்பதைத்தான். சத்தம் நன்றாகத் தாழ்ந்து முக்கினால் கன்வெர்ட்டர் பாரத்தை வாங்குகிறது. தாழாமல் வெறும் ஓட்டம் போலவே இரைந்தால் எங்கோ ஸ்லிப் ஆகிறது.

குளிரில் சரியாக ஓடி, சூட்டில் விடும் வண்டியில் பெரும்பாலும் ஆயில் பிரஷர்தான் குறைகிறது. சூட்டில் ஆயில் இளகும். தேய்ந்த சீல் ரிங், பிஸ்டன் சீல், தேய்ந்த பம்ப் வழியாகக் கசியும். கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கப் போதுமான பிரஷர் நிற்காது. அப்படியே தொடர்ந்து ஓட்டினால் நல்ல பிளேட்டும் கருகும்.

முதலில் ஆயில் அளவு. மேனுவல் எந்த நிலையில் பார்க்கச் சொல்கிறதோ அந்த நிலையில் பாருங்கள். பல வண்டிகளில் ஆயில் சூடாக, இன்ஜின் ஐடிலில் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். டிப் ஸ்டிக்கில் நுரை இருந்தால் பம்ப் காற்றை இழுக்கிறது: ஆயில் குறைவு, அல்லது சக்‌ஷன் பைப்பின் ஓ-ரிங் போய்விட்டது. அடுத்து சக்‌ஷன் ஸ்ட்ரெய்னரையும் (பம்ப் ஆயிலை இழுக்கும் இடத்திலுள்ள வலை) அதன் காந்தத்தையும் எடுத்துக் கழுவுங்கள். பத்து நிமிடம் நிறுத்தி மறுபடி எடுத்தால் இழுவை வந்து, கொஞ்ச நேரத்தில் மீண்டும் போகிறது என்றால் ஸ்ட்ரெய்னர் மீது முதல் சந்தேகம் வையுங்கள். பம்ப் இழுப்பது நின்றதும் வலையில் ஒட்டிய கசடு உதிர்ந்துவிடும், ஓடினால் திரும்ப அடைக்கும்.

ஃபில்டரைத் தூக்கி எறியாமல் அறுத்து, மடிப்பை விரித்து வெயிலில் பாருங்கள். வெண்கல நிறத் துகள் கிளட்ச் டிஸ்க்கிலிருந்து வரும். காந்தத்தில் ஒட்டாத வெள்ளிப் பொடி அலுமினியம், கன்வெர்ட்டரைச் சந்தேகிக்கலாம். காந்தத்தில் ஒட்டும் கூரான இரும்புச் சில்லு கியர் அல்லது பேரிங். ரப்பர் துணுக்கு சீல் அல்லது ஹோஸ். மெல்லிய சாம்பல் பசை மட்டும் என்றால் வழக்கமான தேய்மானம்.

இதன் பிறகு பிரஷர் கேஜ். மெயின் பிரஷருக்கு 60 கிலோ வரை காட்டும் கேஜ், லூப்ரிகேஷன் லைனுக்கு 10 கிலோ கேஜ் வேண்டும். பல மாடல்களில் மெயின் பிரஷர் சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும்; உங்கள் வண்டிக்கான சரியான எண்ணை அதன் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். குளிரில் ஒருமுறை, ஆயில் 80 டிகிரிக்கு வந்ததும் ஒருமுறை, ஐடிலிலும் முழு வேகத்திலும், ஒவ்வொரு கியரிலும் எடுத்து எழுதுங்கள். முன்னால் ஒருவரும் நிற்கக் கூடாது, பிரேக் பூட்டியிருக்க வேண்டும்.

எழுதிய எண்களே இடத்தைக் காட்டிவிடும். எல்லா கியரிலும் குறைவு என்றால் பம்ப், ரிலீஃப் வால்வ் (பிரஷரை வரம்பில் நிறுத்தும் வால்வ்) அல்லது சக்‌ஷன் பக்கம். முன் கியர்கள் எல்லாம் குறைந்து ரிவர்ஸ் மட்டும் சரியாக இருந்தால் ஃபார்வர்ட் கிளட்ச். முன்னும் பின்னும் இரண்டாவது கியர் மட்டும் குறைந்தால் இரண்டாவது கியர் கிளட்ச். ஏனென்றால் இந்தப் பெட்டியில் திசைக்கு ஒரு கிளட்ச், வேகத்துக்கு ஒரு கிளட்ச் என இரண்டு சேர்ந்தால்தான் வண்டி நகரும். எல்லாப் பிரஷரும் சரியாக இருந்தும் ஸ்லிப் ஆனால் பிளேட் தேய்ந்திருக்கும், அல்லது கோளாறு கியர்பாக்ஸுக்கு அப்பால், ஸ்டியரிங் கிளட்சில் இருக்கும்.

கியர் லீவர் லிங்கேஜைப் பார்க்க மறக்காதீர்கள். அதன் இணைப்பு ஆணியான பின் தேய்ந்து, ஆயில் வழியைத் திறக்கும் வால்வ் ஸ்பூல் பாதி தூரம் மட்டும் நகர்ந்தாலும் பிரஷர் குறையும். ஒரு பின்னை மாற்றினால் தீரும் வேலைக்குப் பெட்டியையே இறக்கியவர்கள் உண்டு.

கடைசியாக ஸ்டால் டெஸ்ட், அதாவது வண்டியை நகரவிடாமல் இன்ஜினை முழுசாக முடுக்கிப் பார்ப்பது: பிளேடு தரையில், பிரேக் பூட்டி, மேனுவல் சொல்லும் கியரில் முழு ஆக்ஸிலேட்டர். மேனுவல் சொல்லும் நேரத்தைத் தாண்டாதீர்கள். எப்படியும் 30 வினாடிக்கு மேல் வேண்டாம். ஆயில் 120 டிகிரியைத் தாண்டினால் நிறுத்தி, நியூட்ரலில் ஓட்டி ஆற விடுங்கள். ஆர்.பி.எம். மேனுவலை விட அதிகம் என்றால் கிளட்ச் ஸ்லிப், அல்லது கன்வெர்ட்டருக்கு ஆயில் போதவில்லை. குறைவு என்றால் பெரும்பாலும் இன்ஜின்தான் பலவீனம்: டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டர்போவைப் பாருங்கள்.

கேள்வி: மண் தள்ளும்போது இடது செயின் மட்டும் நிற்கிறது, வலது சுற்றுகிறது. இதுவும் கியர்பாக்ஸா?

பதில்: இல்லை. ஸ்டியரிங் கிளட்ச் உள்ள டோசரில், இரண்டு பக்கத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் கிடையாது. கியர்பாக்ஸின் சுழற்சியைக் குறுக்காகத் திருப்பும் பெவல் ஷாஃப்ட் ஒன்று, அது இரண்டு பக்கத்தையும் சேர்த்தே சுற்றும். கியர்பாக்ஸ் விட்டால் இரண்டு செயினும் நிற்கும். ஒன்று மட்டும் நின்றால் அந்தப் பக்கக் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது.

கையால் இயங்கும் லீவர் என்றால் முதலில் அதன் ஆட்டத்தைப் பாருங்கள். டிஸ்க் தேயத் தேய லீவரின் வெற்று ஆட்டம் குறைந்துகொண்டே வரும். ஆட்டமே இல்லாவிட்டால் கிளட்ச் முழுசாகப் பிடிக்காது. அட்ஜஸ்ட் செய்தாலே சரியாகிவிடலாம். டிரை கிளட்ச் (ஆயிலில்லாமல் உலர்ந்து ஓடுவது) என்றால் அடியிலுள்ள டிரெயின் பிளக்கைக் கழற்றுங்கள். ஆயில் வடிந்தால் பெவல் கேஸ் அல்லது ஃபைனல் டிரைவ் பக்க சீல் கசிந்து டிஸ்க்கை நனைத்திருக்கிறது. எளிதில் தீப்பற்றாத சால்வென்ட் ஊற்றி, சில நிமிடம் நேராக ஓட்டி வடித்து, மறுபடி ஊற்றி லீவரை விட்டு விட்டு இழுத்துக் கழுவலாம். பெட்ரோல் ஒருபோதும் வேண்டாம். சீலை மாற்றாமல் கழுவுவது தற்காலிகம்தான்.

கேள்வி: மழைக்காலம் முழுக்க நிறுத்தியிருந்த டிரை கிளட்ச் வண்டி. லீவரை இழுத்தாலும் திரும்பவில்லை. பிரேக்கை மிதித்தால் இன்ஜின் முக்குகிறது.

பதில்: டிஸ்க்குகள் துருவால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. டிரெயின் பிளக்கில் தண்ணீரை வடியுங்கள். திறந்த இடத்தில் வண்டியை நன்றாகச் சூடாக்கி, லீவரை முழுசாக இழுத்துப் பிடித்தபடி முதல் கியரில் ஓட்டி, அந்தப் பக்கப் பிரேக்கை விட்டு விட்டு அழுத்துங்கள். முன்னும் பின்னுமாகச் செய்யுங்கள். பல வண்டிகள் இதிலேயே விடும். விடாவிட்டால் கழற்றத்தான் வேண்டும். பலம் காட்டினால் பிரேக் பேண்ட் கருகும்.

கேள்வி: ஃபைனல் டிரைவில் ஆயில் குறைவதற்குப் பதில் ஏறுகிறது. ஏன்?

பதில்: வெட் கிளட்ச் (ஆயிலில் ஓடும் கிளட்ச்) வண்டியில் ஸ்டியரிங் கேஸுக்கும் ஃபைனல் டிரைவுக்கும் இடையிலுள்ள சீல் கசிந்தால் கியர்பாக்ஸ் ஆயில் அங்கே போய்ச் சேரும். கியர்பாக்ஸ் அளவு அதே நேரத்தில் இறங்குகிறதா என்று பாருங்கள். ஏறிய ஆயில் பால் போல இருந்தால் தண்ணீர். ஸ்பிராக்கெட் (செயினைச் சுற்றும் பல்சக்கரம்) பக்க மிதவை சீல் தேய்ந்திருக்கும். சீலைச் சுற்றி இறுகும் சேற்றை வேலை முடிந்ததும் எடுத்துவிடுவது அதன் ஆயுளை நிச்சயம் கூட்டும்.

கேள்வி: ஓடும்போது வலப்பக்கம் 'டக் டக்' என்று சத்தம். எங்கிருந்து?

பதில்: எண்ணிப் பாருங்கள். செயின் ஒரு முழுச் சுற்றுக்கு ஒருமுறை என்றால் செயின் லிங்க் அல்லது பின். ஸ்பிராக்கெட் ஒரு சுற்றுக்கு ஒருமுறை என்றால் ஹப் பேரிங் அல்லது பெரிய கியரின் பல். அதைவிட வேகமாக அடித்தால் பெரிய கியரைச் சுற்றும் சிறிய கியரான பினியன். வண்டி நிற்க, நியூட்ரலிலேயே சத்தம் வந்தால் பம்ப் அல்லது கன்வெர்ட்டர் பக்கம் தேடுங்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் கியர் ஆயில் 90 ஊற்றலாமா?

பதில்: பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸிலும் வெட் கிளட்சிலும் கூடாது. அந்த ஆயிலில் சேர்த்துள்ள ரசாயனம் கிளட்ச் டிஸ்க்கின் வெண்கலத்தை அரிக்கும், பிடிப்பையும் குறைக்கும். டிஓ-4 (கேட்டர்பில்லர் வகுத்த கியர்பாக்ஸ் ஆயில் தரம்) தரத்தில், மேனுவல் சொல்லும் எஸ்ஏஇ எண்ணில் (ஆயிலின் கெட்டித்தன்மை எண்) வாங்குங்கள். பல வண்டிகளுக்கு எஸ்ஏஇ 30. ஃபைனல் டிரைவுக்குத் தனி அளவும் தரமும் உண்டு, அதன்படியே ஊற்றுங்கள்.