பால்மா டின்னும் ஐப்பசி மழையும்

வணக்கம் அண்ணா,

பண்டாரவளைக்குப் பக்கத்துல ஒரு தோட்டத்துல இருந்து எழுதுறேன். என் அக்கா டொரன்டோவுல இருக்கா. செப்டம்பர் கடைசி ஆனா போதும், செவந்த இலை போட்டோவா வாட்ஸ்அப்ல வந்து விழும், பிள்ளைங்க இலைக் குவியல்ல குதிக்கிறது, வாசல்ல பூசணிக்காய் அடுக்கி வைக்கிறது எல்லாம். தரம் 4 படிக்கிற என் மக அதப் பாத்துட்டு "நமக்கு எப்பம்மா இலையுதிர் காலம் வரும், நம்மளும் கொண்டாடுவோம்"னு தினமும் கேக்குறா. நமக்கு அதெல்லாம் இல்லம்மான்னா மூஞ்சி வாடிப்போகுது. என்ன சொல்றது அண்ணா?

*

அன்புள்ள தங்கச்சி,

"இல்ல"ன்னு மட்டும் சொல்லிராதீங்க. காலம் மாறுறப்ப வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்பிடணும்னு ஒரு பிள்ளைக்குத் தோணுதே, அது எவ்வளவு நல்ல மனசு.

அங்க இலை ஏன் செவக்குதுன்னு முதல்ல சொல்லிக் குடுங்க. டொரன்டோவுல ஜூன் மாசம் பகல் 15 மணித்தியாலத்துக்கு மேல, டிசம்பர்ல அது 9 மணித்தியாலமா சுருங்கிரும், பகல் குறையக் குறைய குளிர் ஏற ஏற மரம் இலையில உள்ள பச்சையத்த உடைச்சு சத்த உள்ள இழுத்துக்கும், அப்ப அடியில ஒளிஞ்சு கிடந்த மஞ்சள் வெளிய தெரியும், சிவப்பு மட்டும் அந்த நேரத்துல புதுசா உண்டாகுறது. நமக்கு வருசத்துல நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் ஒரு மணித்தியாலம் கூட வித்தியாசம் இல்ல. அதனால நம்ம தேயிலையும் சவுக்கு மரமும் பச்சையாவே நிக்குது.

ஆனா அதே நேரத்துல நம்ம பக்கமும் ஒண்ணு வருது. பழைய தமிழ்ல ஆறு பருவம் சொல்லுவாங்கல்ல, ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். நம்ம ஊவாவுக்கு அது அப்படியே பொருந்தும். ஜூன்ல இருந்து கச்சான்னு சொல்ற மேலக்காத்து அடிச்சு மலையெல்லாம் காஞ்சு, புல்லு கருகி, பீலியில தண்ணி நூல் மாதிரி வரும். பொறவு ஒரு நாள் மத்தியானத்துக்கு மேல இடி, மழை. எங்க அப்பாயி லயத்து (தோட்டத்து வரிசை வீடு) இஸ்தோப்புல, அதான் முன் திண்ணையில நின்னு மூக்க நீட்டி "காத்து திரும்பிருச்சு"ன்னு சொல்லும், அன்னைக்கு ராத்திரி அடுப்புல மரவள்ளிக்கிழங்கு அவியும், கட்ட சம்பலும் சாயத் தண்ணியும். வேற ஒரு விசேசமும் இல்ல, ஆனா அந்த ராத்திரி எனக்கு இன்னும் நாக்குல இருக்கு. நுவரெலியாவுல ஏப்ரல்னா சீசன்னு ஊரே கூடுது, வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன பழக்கம், அதுல தப்பில்ல. நம்ம ஐப்பசிக்கும் அப்படி ஒரு நாள் வேணும்ங்கிறது என் ஆசை. வாணி விழா, தீபாவளி, கார்த்திகை விளக்கு எல்லாம் இந்தப் பருவத்த ஒட்டித்தான் வருது, அது உங்களுக்கே தெரியும்.

இப்ப மகளுக்கு ஒரு வேலை குடுங்க. நெளியாத, பக்கம் நேரா இருக்கிற ஒரு பழைய பால்மா டின்ன மரமோ கூரையோ மறைக்காத இடத்துல, சாயாம கல்லு அணைச்சு வைக்கச் சொல்லுங்க. ஒவ்வொரு நாளும் காலையில 8.30க்கு, வானிலை திணைக்களம் அளக்கிற அதே நேரம், அடிமட்டத்த உள்ள விட்டு எத்தன மில்லிமீட்டர்னு பாத்து கொப்பியில திகதியோட எழுதணும். எழுதிட்டுத் தண்ணிய ஊத்திரணும். முதல் மழை பெஞ்ச அன்னைக்கு கிழங்கு அவிங்க, பக்கத்துக் காம்பராப் பிள்ளைங்களையும் கூப்பிடுங்க.

இன்னொண்ணு சொல்லாம விட முடியல. டொரன்டோ இலையில வர்ற அதே மூணு நிறம், மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, அதத்தான் நமக்கு மண்சரிவு எச்சரிக்கைக்கு வச்சிருக்காங்க. 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர் தாண்டினா கவனம், 100 தாண்டினா தயாரா இருக்கணும், 150 தாண்டினா வெளியேறணும்னு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லுது. கொஸ்லாந்த மீரியபெத்தவுல லயங்கள் மண்ணுக்குள்ள போனது 2014 அக்டோபர் 29, தீபாவளி முடிஞ்சு சரியா ஒரு வாரம். அந்தக் காலையில இருந்து ஐப்பசி மழை சத்தம் கேட்டா எனக்கு சந்தோசமும் பயமும் சேந்தேதான் வருது. அதனால மழை தொடங்குறதுக்கு முன்னாடி வீட்டு ஆம்பளைங்களையும் கூட்டிக்கிட்டு லயத்துக்குப் பின்னாடி தண்ணி ஓடக் கான் வெட்டி விடுங்க, மேட்டுல புதுசா வெடிப்பு இருக்கான்னு பாருங்க, அதையும் அன்னைக்குச் செய்ற சடங்காவே வச்சிருங்க. டின்னுல தண்ணி 75க்குக் கிட்ட வந்தா அன்னைக்கு எட்டரை வரைக்கும் காத்திருக்காம உங்ககிட்ட ஓடி வந்து சொல்லணும்னு மகளுக்குச் சொல்லி வைங்க. டின் கணக்கு குறைவா இருக்குன்னு எச்சரிக்கை வந்தப்ப வீட்டுலயே இருந்துராதீங்க.

கொப்பியில முதல் பக்கம் எழுதினதும் ஒரு போட்டோ எடுத்து பெரியம்மாவுக்கு அனுப்பச் சொல்லுங்க, எனக்கும் ஒண்ணு. நேத்து ராத்திரி எங்க டின்னுல 22 மில்லிமீட்டர்.

அன்புடன்,
அண்ணன்