‘ஹோம்லி’ என்று எழுதினால் மகளைப் புகழ்ந்ததாகுமா?

கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுக்கு 28 வயது, கணக்காய்வு நிறுவனமொன்றில் வேலை. ரொறன்ரோவில் இருக்கும் ஒரு குடும்பத்துக்குத் தரகர் மூலம் ஆங்கிலத்தில் பயோடேட்டா போயிருக்கிறது. சாதகமும் பொருந்திவிட்டது. பிறகு தொலைபேசியில் பேசும்போது மாப்பிள்ளையின் தங்கை, அங்கேயே பிறந்து வளர்ந்தவர், “அன்ரி, ஏன் அக்காவை ஹோம்லி என்று போட்டிருக்கிறீங்கள்? படத்தில வடிவாத்தானே இருக்கிறா?” என்று கேட்டாராம். அதற்குப் பிறகு இரண்டு கிழமையாகப் பேச்சு இல்லை. “குடும்பப் பாங்கான பிள்ளை என்றுதானே அர்த்தம்? தரகரைக் கேட்டால், வெளிநாட்டுக்கு இப்படித்தான் எழுதவேணும் என்கிறார். நாங்கள் ஏதும் பிழைவிட்டோமா?” என்பது அவருடைய கேள்வி.

அம்மா, சொல் பிழைதான். ஆனால் அது உங்கள் பிழை இல்லை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒருவரை ஹோம்லி என்றால், பார்வைக்கு அழகில்லாதவர் என்று பொருள். அதை முகத்தில் அடித்தாற்போல் சொல்லாமல் கொஞ்சம் பதமாகச் சொல்லும் சொல் அது. அங்கே வளர்ந்த பிள்ளைக்கு வேறு பொருள் தோன்றாது. ஆகவே அந்தத் தங்கை உங்களைக் குத்திப் பேசியதாக நினைக்காதீர்கள். பெற்ற தாயே மகளை இப்படி எழுதுவாரா என்று திகைத்துக் கேட்டிருக்கிறார்.

வீட்டைக் குறிக்கும் ‘ஹோம்’ என்ற ஆங்கிலச் சொல்லில் இருந்துதான் இது வந்தது. முதலில் வீட்டுக்குரியது என்று இருந்தது. பிறகு ஆடம்பரம் இல்லாதது என்று ஆனது. அந்த ‘எளிமை’ முகத்துக்கும் பொருந்திப்போய், சேக்ஸ்பியர் காலத்திலேயே அழகு குறைந்தது என்ற பொருளும் புழக்கத்துக்கு வந்துவிட்டது. கடல் கடந்து அமெரிக்கா போன ஆங்கிலத்தில் அந்தக் கடைசிப் பொருள்தான் ஊன்றி நின்றது. அடக்க ஒடுக்கமாக வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண் என்பது இந்தியாவிலும் நம்மிடமும் கலியாண விளம்பரங்களில் வளர்ந்த பொருள். நம் ஆட்களுக்குள் அது விளங்கும். விமானம் ஏறினால் விளங்காது.

ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் லண்டனில் இருக்கும் உறவினர் யாராவது, “இல்லையே, இங்கே அது நல்ல சொல்தானே” என்று உங்களைக் குழப்பக்கூடும். அவர் சொல்வதும் சரி. பிரித்தானியாவில் ஒரு விடுதியை ஹோம்லி என்றால், சொந்த வீட்டில் இருப்பதுபோன்ற இதம் என்று பொருள். சாப்பாட்டை அப்படிச் சொன்னால் வீட்டுச் சமையல்போல எளிமையான, வயிற்றுக்கு ஒத்த சாப்பாடு. கொழும்புக் காலி வீதியில் ஒரு தங்குமிடப் பலகையில் இந்தச் சொல் இருந்தால் அதை யாரும் திருத்தவேண்டாம். வயதான ஓர் அம்மாவைப் பற்றி, பந்தா இல்லாமல் அன்பாகப் பழகுகிறவர் என்ற கருத்திலும் பிரித்தானியாவில் சொல்வார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள்: விடுதிக்கும் சோற்றுக்கும் வயதான அம்மாவுக்கும் பொருந்துகிற சொல்லை 28 வயதுப் பெண்ணுக்குப் போட்டால், லண்டனில்கூட அவமானமாக இராதே தவிர, புகழ்ச்சியாகவும் இராது. அமெரிக்கர் அந்த வீட்டு இதத்துக்கு ‘ஹோமி’ என்ற வேறு சொல் வைத்திருக்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் இடத்துக்குத்தான். ஓர் எழுத்தை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று தரகர் சொன்னால் ஏமாறாதீர்கள்.

தரகர்கள் விடயத்துக்கு வருகிறேன். நான் 30 வருடமாக ஆங்கிலம் படிப்பிக்கிறேன், மொழிபெயர்ப்பும் செய்கிறேன். சென்ற வருடம் திருத்தித் தரச்சொல்லி ஒரு பயோடேட்டா என் மேசைக்கு வந்தது. பெண் பல் வைத்தியர். நான்காவது வரியில் அவர் திடீரென்று ஆசிரியையாகிவிட்டார்; அடுத்த வரியில் ஹோம்லி; கடைசி வரியில் மறுபடியும் ஹோம்லி. வேறு யாருடைய கடதாசியிலோ பெயரையும் பிறந்த திகதியையும் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பெற்றோர் அதற்கு, ஆங்கிலத்தில் எழுதும் கூலி என்று வேறாகக் காசு கொடுத்திருக்கிறார்கள்! பலர் செய்வது இதுதான். ஒரே ஃபைல், நூறு பெண்கள். ஆங்கிலத்துக்கென்று தனியாகக் காசு கேட்கிறவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். ‘டொமெஸ்டிகேட்டட்’ என்று ஒரு சொல்லும் போடுவார்கள். அகராதியில் அதற்கு முதலில் வரும் பொருள், காட்டு விலங்கைப் பழக்கி வீட்டு விலங்காக்கியது.

பெற்றோரை நான் குறைசொல்ல மாட்டேன். ஆரம்ப வகுப்புகளில் இருந்தே பள்ளியில் ஆங்கிலம் படிப்பிக்கிறோம். இடைவெளி நிரப்பு, எதிர்ச்சொல் எழுது, மனப்பாடம் செய்த கட்டுரையை ஒப்பி. ஒரு தமிழ்ச் சொல்லுக்கு ஓர் ஆங்கிலச் சொல் என்று பட்டியல் கொடுத்தால் வேலை முடிந்தது. ஒரே சொல் ஊருக்கு ஊர் வேறு பொருள் தரும் என்று எந்த வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம்? உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்று ஒரு பாடம் இருக்கிறது, அந்தப் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் சேராது. பிறகு பிள்ளைகள் அதை ஏன் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள்? எத்தனை வருடமாகச் சொல்லிக் களைத்துவிட்டோம்.

சரி, இப்போது செய்யவேண்டியது. உங்கள் மகள் நாள் முழுக்க ஆங்கிலத்தில் கணக்காய்வு அறிக்கை எழுதுகிறவர். அவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத அவரைவிடப் பொருத்தமான ஆள் கொழும்பில் யார் இருக்கிறார்கள்? அவரையே எழுதச் சொல்லுங்கள். ஹோம்லி என்ற இடத்தில் வேறொரு பெயரடையைத் தேட வேண்டாம். குடும்பப் பாங்கு என்று நீங்கள் எதை நினைத்தீர்களோ அதைச் செயலாக எழுதட்டும்: ஞாயிற்றுக்கிழமை அம்மம்மாவோடு சேர்ந்து சமைக்கப் பிடிக்கும், தம்பியின் படிப்பைத் தானே பார்த்துக்கொள்கிறார், இப்படி உண்மையாக இருப்பதை இரண்டு வரியில். ஒரு சொல் போட்டே ஆகவேண்டும் என்றால் ‘ஃபமிலி ஓரியன்டட்’ பாதுகாப்பானது. நிறத்தைக் குறிக்கும் ‘ஃபெயர்’ இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். கனடாவில் வளர்ந்த பிள்ளைகளை அது முகம் சுளிக்கவைக்கும்.

ரொறன்ரோக் குடும்பம் இந்தச் சொல்லுக்காகவே மௌனமாகிவிட்டது என்று நான் நம்பவில்லை. கலியாணப் பேச்சில் இரண்டு கிழமை பெரிய காலமா? தரகரை நடுவில் வைக்காமல் நீங்களே அந்தத் தங்கைக்கு எடுத்துப் பேசுங்கள். எங்கள் ஊரில் இதற்கு வீட்டில் பற்றுள்ள பிள்ளை என்று அர்த்தம், நீங்கள் கேட்டதுதான் நல்லதாகப் போயிற்று என்று சொன்னால் போதும். நீண்ட விளக்கம் வேண்டாம்.

அப்புறம், அந்தப் பழைய பயோடேட்டா வாட்ஸ்அப்பில் வேறு எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கிறது என்று தரகரிடம் பெயர் பெயராகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புதியதைத் திகதி போட்டு, பிடிஎஃப் ஆக, ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்களே அனுப்புங்கள்.