பழைய ஓனர் கட்டிய தனி அறைக்கு டவுன்ஷிப் நோட்டீஸ் வந்தால்

தம்பி, நியூ ஜெர்சியில் புதிதாக வீடு வாங்கியிருக்கிறீர்கள். பின்பக்கம் இருக்கும் தனி அறை பெர்மிட் இல்லாமல் கட்டியது, எல்லையை ஒட்டி நிற்கிறது என்று டவுன்ஷிப்பிலிருந்து, அதாவது ஊரின் உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து, நோட்டீஸ் வந்திருக்கிறது. "கட்டியது பழைய ஓனர், நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? அபராதம் கட்டினால் முடிந்துவிடாதா?" என்று கேட்டிருந்தீர்கள்.

முடியாது. நம் ஊரில் கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொள்கிற மாதிரி எண்ணிவிடாதீர்கள். இங்கே அபராதம் கட்டினாலும் அறை விதிமீறலாகவேதான் நிற்கும். பத்திரம் இன்று யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் ஊர் கேட்கும். விற்றவர் தெரிந்தே மறைத்தாரா என்பது வேறு கணக்கு. அதை வக்கீலிடம் தனியாகப் பேசுங்கள், டவுன்ஷிப் கவுன்டரில் பேசிப் பயனில்லை.

முதலில் வீடு வாங்கும்போது கொடுத்த சர்வே வரைபடத்தை எடுத்து, அறைக்கும் எல்லைக்கும் நடுவே எத்தனை அடி என்று பாருங்கள். வேலியை நம்பி அளக்காதீர்கள். வேலி ஒரு பக்கம் இருக்கும், எல்லை வேறு பக்கம் இருக்கும். அறை வெறும் கட்டைகளின் மேல் நிற்கிற மரக் கொட்டகை என்றால், ஆள் வைத்து நாலடி நகர்த்துவதுதான் எல்லாவற்றிலும் மலிவான தீர்வு. வேரியன்ஸ், அதாவது விதியிலிருந்து விலக்கு, கேட்டே தீருவேன் என்று பிடிவாதம் வேண்டாம். 200 சதுர அடிக்கும் 10 அடி உயரத்துக்கும் மிகாத, மின்சாரமோ தண்ணீரோ இல்லாத தோட்டக் கொட்டகைக்குப் பொதுவாகக் கட்டுமானப் பெர்மிட்டே கேட்பதில்லை. ஆனால் எல்லையிலிருந்து இத்தனை அடி தள்ளி என்ற ஊர் விதி அதற்கும் உண்டு.

கான்கிரீட் அடித்தளம், நகர்த்த வழியில்லை என்றால், வேரியன்ஸ் கேட்டு ஸோனிங் போர்டுக்குத்தான் (எந்த மனையில் எதை எங்கே கட்டலாம் என்ற ஊர் விதிக்கு விலக்குத் தரும் குழு) போக வேண்டும். அங்கே பலர் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். "வாங்கும்போது தெரியாது சார், இடித்தால் பெரிய நஷ்டம்" என்று ஆரம்பிப்பார்கள். போர்டு உறுப்பினர்கள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்பார்கள், ஓட்டுப் போடும்போது அது கணக்கில் வராது. சட்டம் பார்ப்பது மனையை, உங்கள் பணக்கஷ்டத்தை அல்ல. மனை குறுகலா, கோணலா, சரிவா, அதனால் விதிப்படி கட்ட முடியாமல் போகிறதா? அது ஒரு வழி. விதியைத் தளர்த்துவதால் வரும் நன்மை, கெடுதலைவிட நன்றாகவே கூடுதல் என்று காட்டுவது இன்னொரு வழி. எந்த வழியில் போனாலும், அக்கம்பக்கத்துக்கும் ஊரின் ஸோனிங் திட்டத்துக்கும் பெரிய பாதகம் இல்லை என்றும் காட்டியாக வேண்டும். விதியை மீறிக் கட்டிவிட்டு, அதையே கஷ்டமாகச் சொன்னால் எடுபடாது. அந்தக் குறை வீட்டோடு உங்களுக்கும் வந்து சேரும்.

அக்கம்பக்கம் என்றேன் இல்லையா, பாதி விஷயம் அங்கேதான். உங்கள் எல்லையிலிருந்து 200 அடிக்குள் நிலம் வைத்திருக்கும் எல்லோருக்கும், விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்பாக நேரிலோ சர்டிஃபைடு மெயிலிலோ அறிவிப்புப் போக வேண்டும். பொது அறிவிப்பாகவும் வெளியாக வேண்டும். பெயர்ப் பட்டியலை டவுன்ஷிப்பே கொடுக்கும். ஒருவர் பெயர் விட்டுப்போனாலும் விசாரணை தள்ளிப்போகலாம். அந்தக் கடிதம் போய்ச் சேருவதற்கு முன்னால் நீங்களே போய்க் கதவைத் தட்டிப் பேசிவிடுங்கள். எங்கள் ஊர் விசாரணை ஒன்றில் பக்கத்து வீட்டுப் பெரியவர் போட்டோக்களோடு வந்தார். கொட்டகையின் கூரைத் தண்ணீர் முழுக்க அவர் வீட்டு பேஸ்மென்ட் ஜன்னலுக்குக் கீழே தேங்கி நின்றது. ஒரு மழைநீர்க் குழாயைத் திருப்பிவிட்டிருந்தால் அவர் வந்தே இருக்க மாட்டார். போர்டு அன்றைக்கு வேறு எதையும் கேட்கவில்லை, தண்ணீரைப் பற்றியே ஒரு மணி நேரம் ஓடியது.

அப்புறம், நம் ஆட்களுக்கென்றே ஒரு எச்சரிக்கை. அப்பா அம்மா வந்தால் தங்கட்டும் என்று அந்த அறையில் கழிப்பறையும் அடுப்பும் வைக்கும் எண்ணம் இருந்தால், இப்போதே முடிவு செய்யுங்கள். ஒரு குடும்பத்துக்கான மனையில் அது இரண்டாவது வீடாகக் கணக்காகிவிடும், யூஸ் வேரியன்ஸ், அதாவது மனையின் பயன்பாட்டையே மாற்றிக்கொள்ள விலக்கு, கேட்க வேண்டிவரும். அதற்கு 7 பேர் போர்டில் 5 பேர் சரி என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு 5 பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் ஒருவர் மறுத்தாலும் போயிற்று, தள்ளிவைக்கச் சொல்லிக் கேளுங்கள். சாமான் போடும் அறை என்று சொல்லிவிட்டுப் பிறகு கட்டில் போடலாம் என்று நினைக்காதீர்கள். போர்டு முன்னால் வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்த பிறகுதான் பேசவே விடுவார்கள்.

வீடு உங்கள் சொந்தப் பெயரில் இருந்தால் வக்கீல் இல்லாமலும் வாதாடலாம், எல்எல்சி என்கிற நிறுவனத்தின் பெயரில் இருந்தால் வக்கீல் கட்டாயம். சாதாரண இடைவெளிப் பிரச்சினைக்கு நீங்களே போகலாம் என்பது என் எண்ணம், யூஸ் வேரியன்ஸுக்கு வேண்டாம். விண்ணப்பக் கட்டணம் தவிர எஸ்க்ரோ என்று ஒரு தொகையும் கேட்பார்கள். போர்டின் இன்ஜினியரும் வக்கீலும் உங்கள் காகிதங்களைப் பார்க்கும் நேரத்துக்கான பணம் அதிலிருந்து போகும், தீர்ந்தால் மறுபடி நிரப்பச் சொல்வார்கள்.

வேரியன்ஸ் கிடைத்தாலும் கட்டுமானப் பெர்மிட் தனியாக எடுக்க வேண்டும். உள்ளே மின்சார வயர் ஓடியிருந்தால், இன்ஸ்பெக்டர் பார்க்கச் சுவர்ப் பலகையைப் பிரிக்கச் சொல்லலாம், அடித்தளத்தின் ஆழம் தெரிய ஓர் ஓரத்தைத் தோண்டச் சொல்லலாம். அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்த பிறகே இடிப்பதா வைப்பதா என்று முடிவெடுங்கள்.

நோட்டீஸே தப்பு என்று தோன்றினால் மேல்முறையீட்டுக்கு 20 நாள்தான். தப்பில்லை என்றால் அதில் போட்ட தேதிக்குள், வேரியன்ஸுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், அதுவரை அவகாசம் கொடுங்கள் என்று ஸோனிங் ஆபீசருக்கு எழுதி, பதிலையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். சர்வே வரைபடத்தை அனுப்பினால் எத்தனை அடி குறைகிறது என்று நானும் பார்த்துச் சொல்கிறேன்.