சனி, ஞாயிறுக்கு ஒல்லிப் புத்தகம் போதும்

கேள்வி: எனக்கு 41 வயது. கும்பகோணத்தில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை. பள்ளிக்கூட நாட்களில் நூலகப் புத்தகத்தைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவள் நான். இப்போது வார நாட்களில் முடிவதே இல்லை. சனி, ஞாயிறில் படிக்கலாம் என்றால் துணி, சமையல், பிள்ளைகளின் புராஜெக்ட் என்று பொழுது போய்விடுகிறது. ஆசையாக வாங்கிய ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் இரண்டு வருடமாக முதல் பாகத்தின் 60-ஆம் பக்கத்திலேயே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தாலே மனசு உறுத்துகிறது. இரண்டு நாளில் படிக்கிற மாதிரி நாலைந்து சொல்லுங்கள். இன்னொன்று, கொறிக்க ஏதாவது இல்லாமல் எனக்குப் படிக்கவே வராது. மாமியார் கேலி செய்கிறார். இது கெட்ட பழக்கமா?
- பெயர் வேண்டாம், கும்பகோணம்.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மாமியார் வழக்கை முதலில் முடித்துவிடுவோம். கெட்ட பழக்கமெல்லாம் இல்லை. ஆனால் எதைக் கொறிக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி இருக்கிறது. முறுக்கு, மிக்சர் என்றால் தீர்ப்பு மாமியார் பக்கம்தான். எண்ணெய் விரலால் தொட்ட இடத்தில் தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், பின்பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரியும், அது ஜென்மத்துக்கும் போகாது. பொரியும் பொட்டுக்கடலையும் கலந்து ஒரு கிண்ணம் வைத்துக்கொள்ளுங்கள். வறுத்த வேர்க்கடலையும் சரிதான். தோல் பக்கங்களின் இடுக்கில் போய்ச் சேரும், உதறினால் விழுந்துவிடும். காபி டம்ளருக்கு இடம் ஜன்னல் திட்டு, கட்டில் அல்ல. நூலகப் புத்தகமாக இருந்தால் மட்டும் கிண்ணமே வேண்டாம். அடுத்து அதைப் படிக்கப்போகிறவர் உங்கள் கடலைக்குப் பொறுப்பில்லை.

சரி, இப்போது அந்த ஐந்து பாகம். கல்கி அதை வாரம் ஒரு பகுதியாக 1950 முதல் 1954 வரை எழுதினார். அந்தக் காலத்து வாசகர்களுக்குக் கதையை முடிக்க ஏறக்குறைய மூன்றரை வருடம் ஆயிற்று. அந்தக் கணக்கில் பார்த்தால் உங்கள் வேகம் அப்படி ஒன்றும் கேவலமில்லை. ஆனால் அதைச் சனி, ஞாயிறுக்கு எடுப்பதுதான் தப்பு. ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்ததைத் திறந்தே ஆக வேண்டும் என்று முடிகிற கதை அது. நாலு அத்தியாயம் படித்துவிட்டு அரிசி களையப் போனால் எரிச்சல்தான் மிஞ்சும். அடுத்த சனிக்கிழமை திரும்ப எடுத்தால் யார் யாருக்கு என்ன உறவு என்று முதலிலிருந்து தேட வேண்டும். மார்ச் கணக்கு முடிந்து மே மாதம் லீவு போடும்போது எடுங்கள். அதுவரை அலமாரியின் மேல் தட்டில், கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு பதில் இருக்கிறது, கவனித்தீர்களா? பாடப்புத்தகத்துக்குள் ஒளிந்தது என்றால் அது ஒல்லிப் புத்தகமாகத்தான் இருந்திருக்க வேண்டும். நீங்கள் அன்றைக்கு அத்தனை படித்தது நேரம் நிறைய இருந்ததால் மட்டும் இல்லை. எடுத்ததை முடித்தீர்கள், முடித்த சூட்டில் அடுத்ததைக் கேட்டு வாங்கினீர்கள். வேலை பார்க்கிற பெண்ணின் சனி, ஞாயிறுக்கு ஒரே உட்காரலில், மிஞ்சிப்போனால் இரண்டு உட்காரலில் முடிகிற புத்தகம்தான் சரிப்படும். கெட்டியான புத்தகம் படித்தால்தான் படிப்பு என்று நமக்கு யாரோ சொல்லி வைத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை ராத்திரிக்கு அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு எடுத்தால் தூங்குவதற்குள் முடித்துவிடலாம். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். ஒரு தெரு. சினிமா ஆசையில் ஏமாந்துபோன ஜமுனா, ஆபீஸ் போகிற தங்கை சாயா, பக்கத்தில் ஒரு டீச்சரம்மா. கதை என்று பெரிதாக ஒன்றும் நடக்காது. குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், பம்பு அடிக்கிறார்கள், தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஆனால் ஜமுனா தன் துயரத்தையெல்லாம் கொட்டித் தீர்க்கிற இடத்தில் டீச்சரம்மா தன் வீட்டு நிலைமையைச் சொல்ல ஆரம்பிப்பார் பாருங்கள், அங்கே புத்தகத்தைக் கொஞ்சம் மூடி வைத்துவிடுவீர்கள். ஒருத்தி கஷ்டத்தை இன்னொருத்தி எப்படித் தேற்றுவாள் என்பதில் துளி சர்க்கரைகூடச் சேர்க்காமல் எழுதியிருக்கிறார். 1970-களின் தொடக்கத்துப் புத்தகம். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்கள் யாருக்கும் அது பழசாகத் தெரியாது.

சோகம் வேண்டாம், ஓட்டம் வேண்டும் என்றால் பூமணியின் ‘வெக்கை’. 1982-இல் வந்தது. ‘அசுரன்’ படத்துக்கு மூலம் இதுதான், ஆனால் படத்தை இதில் தேடாதீர்கள். 15 வயதுப் பையன் ஒருவன் ஒருவனின் கையை மட்டும் வெட்ட நினைத்து அரிவாளை வீச, ஆளே செத்துப்போகிறான். முதல் பக்கத்திலேயே இது முடிந்துவிடும். அப்புறம் அப்பாவும் பிள்ளையும் காடும் மலையுமாக ஒளிந்து திரிவதுதான் நாவல். அவர்கள் எங்கே படுக்கிறார்கள், எதைப் பொங்கித் தின்கிறார்கள் என்று நுணுக்கமாகச் சொல்லிக்கொண்டே போவார். கரிசல் பேச்சு முதல் பத்துப் பக்கம் மெதுவாக ஓடும், பிறகு காதில் விழ ஆரம்பித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாவலைத் தொடவே தொடாதீர்கள். சாப்பிட்ட பிறகு எந்தப் பெரிய எழுத்தாளரும் தூக்கத்தை ஜெயித்ததில்லை. அந்த நேரத்துக்குச் சிறுகதை. தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ பதினைந்து இருபது நிமிஷ வேலைதான். திருச்சியிலிருந்து மாயவரம் போகிற ரயில், உங்கள் ஊர் வழியாகப் போகிற அதே தடம். ஒரு அப்பா, ஒரு சின்னப் பையன், அவன் கையில் ஒரு ஆரஞ்சுப் பழம். எதிரே ஒரு சிறுமி. கல்கத்தாவில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். இதற்கு மேல் நான் சொல்லக் கூடாது.

அப்புறம் புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. இதை நீங்கள் தனியாகப் படிக்காதீர்கள், மாமியாருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். கணக்குப் பார்க்கிற உங்களுக்கு ஆரம்பமே பிடிக்கும். சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் சேர்கிற முனையில் கந்தசாமிப் பிள்ளை நின்றுகொண்டு மனசுக்குள் பட்ஜெட் போடுகிறார். டிராமில் போனால் காலணா மிஞ்சும், வெற்றிலை போடலாம். பஸ்ஸில் கண்டக்டரைக் கொஞ்சம் ஏமாற்றினால் அரை கப் காபி குடிக்கலாம், ஆனால் வெற்றிலை கிடையாது. இந்தப் பெரிய பொருளாதாரப் பிரச்சினைக்கு நடுவில்தான் கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். வாய்விட்டுப் படிக்கும்போது எங்கே நிறுத்த வேண்டும், எங்கே முகத்தை வைத்துக்கொள்ள முடியாமல் சிரிப்பு வரும் என்பதெல்லாம் தனி சுகம். ஒரு கதை கேட்டுவிட்டால் உங்கள் பொட்டுக்கடலைக் கிண்ணத்தில் அவரும் கை வைப்பார் என்று நினைக்கிறேன். புதுமைப்பித்தன் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது, மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் அன்றைக்கு மட்டும் கைபேசி வேண்டாம், அச்சுப் புத்தகமாகவே எடுங்கள். கைபேசியில் கதையைத் திறந்தால் நடுவில் வகுப்பு வாட்ஸ்அப் குழு கதவைத் தட்டும்.

ஒல்லிப் புத்தகம் என்று இவ்வளவு சொல்லிவிட்டு ஒரு குண்டுப் புத்தகத்தையும் சொல்லப்போகிறேன். உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 122 அத்தியாயம். 1940-இலிருந்து ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்தது; 1942-இல் அவர் காலமானபோது வாழ்க்கைக் கதை முழுதாக முடியவில்லை. கல்கியும் வாராவாரம்தானே எழுதினார், அதை ஏன் தள்ளி வைக்கச் சொன்னீர்கள் என்று கேட்பீர்கள். வித்தியாசம் இருக்கிறது. இதில் ஒரு அத்தியாயம் முடிந்தால் முடிந்ததுதான், நிம்மதியாக விளக்கை அணைக்கலாம். ஞாயிறு ராத்திரிக்கு இரண்டு அத்தியாயம் போதும், ஒரு வருடத்துக்கு மேல் வரும்.

கும்பகோணத்துக்காரரான நீங்கள் இதைப் படிக்காமல் இருப்பது கொஞ்சம் அநியாயம். 1880-இல் அவர் உங்கள் ஊர்க் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்கிறார். அதே வருடம் முன்சீபாக, அதாவது உள்ளூர் நீதிபதியாக, வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் என்று சொல்லியும் முதலியார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்குகிறார். இதையெல்லாம் படித்து என்ன பிரயோஜனம் என்கிற தோரணையில் அவர் கேட்டுக்கொண்டே போகிறார். கடைசியில் சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று வருகிறது கேள்வி. இல்லை. அத்தனை வருடம் கசடறப் படித்த மனிதருக்குத் தாம் கண்ணால்கூடப் பார்க்காத நூல்கள் தமிழில் இருக்கின்றன என்பது அன்றைக்குத்தான் உறைக்கிறது. முதலியார் கொடுத்த கையெழுத்துப் பிரதியிலிருந்து ஆரம்பித்த உழைப்பு, 1887-இல் சீவக சிந்தாமணி அச்சுப் புத்தகமாக வந்து நின்றது. அந்த அத்தியாயத்தை மட்டும் முதலில் எடுத்துப் படித்தாலும் தப்பில்லை. வரிசைப்படிதான் படிக்க வேண்டும் என்று யாரும் வந்து பார்க்கப்போவதில்லை.

படிக்க முடியாத சனி, ஞாயிறும் வரத்தான் செய்யும். விருந்தாளி, காய்ச்சல், கல்யாணம். அந்த நாட்களிலும் புத்தகத்தோடு இருக்க வழி உண்டு. பழைய மாதக் காலண்டர் தாளைத் திருப்பி வெள்ளைப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி புத்தகத்துக்கு அட்டை போடலாம், பிள்ளைகள் ஓரம் மடிக்கட்டும். முதல் பக்கத்தில் வாங்கிய ஊரையும் தேதியையும் எழுதி வைக்கலாம். அடையாளத்துக்குப் பஸ் டிக்கெட் வையுங்கள். எந்த வழியில் போகும்போது எந்தப் பக்கத்தில் இருந்தோம் என்று பின்னால் தெரியும். பக்கத்தின் முனையை மட்டும் மடிக்காதீர்கள், எனக்கு அது பிடிக்காது, அவ்வளவுதான் காரணம்.

இவை எல்லாவற்றையும்விட நான் சிபாரிசு செய்வது பைண்டிங் வேட்டை. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, தைத்து, காலிக்கோ துணி அட்டை போட்டு வைப்பார்கள். அந்த வீடுகள் காலியாகும்போது அவை பழைய புத்தகக் கடைக்கு வந்துவிடுகின்றன. கதை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம், அது முக்கியமில்லை. ஓவியம் இருக்கும், மணியம் போட்ட படங்களோடு கல்கியைப் பார்ப்பது வேறு அனுபவம். அத்தியாயம் முடிகிற பக்கத்தின் மிச்சத்தில் ஒரு மாமியார் ஜோக், கூந்தல் தைல விளம்பரம், யாரோ ஒரு சிறுவன் போட்டுப் பார்த்த கையெழுத்து. என்னிடம் உள்ள ஒரு பைண்டிங்கில் ஒரு வாரத்துப் பக்கங்கள் கிடையாது. அந்த இடத்தில் கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்றை ஒட்டி, நீல மையில் கதைச்சுருக்கம் எழுதியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் கேட்டு எழுதியிருப்பார்கள் போல. கதாநாயகி பேர் இரண்டு இடத்தில் தப்பு. மூலக்கதையைவிட அந்த ஒரு தாள்தான் எனக்கு இஷ்டம்.

இத்தனைக்கும் பணம் செலவழிக்க வேண்டாம். சொந்த வீடு என்றால் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டியிருப்பீர்கள், ரசீதைப் பாருங்கள். கட்டிய காசுக்குப் புத்தகம் எடுக்காமல் விடுவானேன்? கிளை நூலகங்களுக்குப் பொதுவாக வார விடுமுறை வெள்ளிக்கிழமைதான். ஆக, உங்களுக்கு ஓய்வு கிடைக்கிற நாளில் அவை திறந்திருக்க வாய்ப்பு அதிகம். மதியம் மூடி வைத்திருப்பார்கள், அதனால் இந்தச் சனிக்கிழமை காலையில் காய் வாங்கப் போகும்போதே எட்டிப் பாருங்கள். உறுப்பினராக என்ன வேண்டும் என்று நூலகரிடம் கேட்டு, பிள்ளைகள் பேரிலும் ஒவ்வொரு அட்டை போட முடியுமா என்று பேசிப் பாருங்கள். மேலே சொன்ன தலைப்புகளை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ‘தண்ணீர்’ இல்லை என்று சொன்னால் அசோகமித்திரன் சிறுகதைத் தொகுப்பு எது இருந்தாலும் எடுத்து வந்துவிடுங்கள்.